உழைக்கும் வயதில் செய்நிரல்: யாழ்ப்பாணத்தில் வளர்ந்தோருக்கான கணினிச் செயலமர்வுகள்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் கணினிக் கல்வி என்று பேச்செடுத்தால், அது பெரும்பாலும் மாணவரைப் பற்றிய பேச்சாகவே முடிகின்றது. க.பொ.த. சாதாரண தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியலைத் தெரிவுப் பாடமாக எடுப்போர், உயர்தரத்தில் அதைத் தொடர்வோர், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கணினி விஞ்ஞானத் துறைக்கோ கிளிநொச்சி அறிவியல்நகரில் இயங்கும் அதன் பொறியியற் பீடத்துக்கோ அனுமதி பெறுவோர், யாழ் ஐ.ரி. ஹப் என்னும் அமைப்பு 2012ஆம் ஆண்டு தொடங்கிய யாழ் கீக் சலஞ்ச் போட்டியில் மேடையேறுவோர் என்று இந்த வரிசையில் நிற்போர் ஏறத்தாழ அனைவரும் இளையோர். மாவட்டச் செயலகத்திலும் பிரதேச செயலகங்களிலும் வங்கிகளிலும் கூட்டுறவுச் சங்கங்களிலும் பாடசாலை அலுவலகங்களிலும் நாள் முழுவதும் கணினித் திரைக்கு முன்னால் அமர்ந்திருக்கும் முகாமைத்துவ உதவியாளர்களும் அபிவிருத்தி உத்தியோகத்தர்களும் ஆசிரியர்களும் அந்த வரிசையில் இல்லை. ஆயினும் செய்நிரலாக்கத்தால், அதாவது ஒரு வேலையைப் படிப்படியான கட்டளைகளாக எழுதிக் கணினியிடம் ஒப்படைக்கும் திறனால், அடுத்த திங்கட்கிழமையே பயன் பெறக்கூடியவர்கள் இவர்கள்தான். மாணவருக்குச் செய்நிரல் எதிர்காலத் தொழிலுக்கான முதலீடு. இவர்களுக்கோ அது மேசைமேல் ஏற்கெனவே குவிந்துகிடக்கும் வேலைக்கான கருவி.

இந்த விடுபடலுக்கு வரலாற்றுக் காரணமும் உண்டு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கணினி விஞ்ஞானம் தனித் துறையாக வேரூன்றத் தொடங்கிய 1990களின் முற்பகுதியில் குடாநாடு தேசிய மின்வலையமைப்பிலிருந்து துண்டிக்கப்பட்டிருந்தது. பொருளாதாரத் தடையால் எரிபொருளும் மின்கலங்களும் கிடைக்காமல், சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட காலம் அது. இன்று ஐம்பது வயதை எட்டிய அரச அலுவலர்கள் உயர்தரம் படித்தது அந்த ஆண்டுகளில்தான். ஏ9 வீதி 2002இல் திறக்கப்பட்டு, 2006 ஓகஸ்ட்டில் மீண்டும் மூடப்பட்டு, போர் முடிந்தபின் மறுபடி திறக்கப்படும்வரை கணினி என்பது பலருக்குக் கேள்விப்பட்ட பொருளாகவோ, தட்டச்சுப் பொறிக்கு மாற்றாகவோ மட்டுமே இருந்தது. பின்னர் அலுவலகங்களுக்குக் கணினி வந்தபோது, அதை இயக்கக் கற்றார்கள், கட்டளையிடக் கற்கவில்லை. இவ்விரண்டுக்கும் இடையிலான தூரமே இக்கட்டுரையின் பொருள்.

வேலை பார்த்துக்கொண்டே கணினி படிக்க வழியே இல்லாமலில்லை. கொழும்புப் பல்கலைக்கழகம் 2000ஆம் ஆண்டில் தொடங்கிய தகவல் தொழில்நுட்ப வெளிவாரிப் பட்டமும், பிரித்தானியக் கணினிச் சங்கத்தின் படிப்படியான பரீட்சைகளும் யாழ்ப்பாணத்தில் பலரைக் கரைசேர்த்திருக்கின்றன. ஆனால் இவை பட்டத்துக்கும் பதவி உயர்வுக்குமான நெடும் பாதைகள். பரீட்சை அவற்றின் அச்சாணி. பாடக்குறிப்பு, கடந்தகால வினாத்தாள், மாதிரி விடை என்ற ரியூட்டரி மரபில் ஊறிய ஊர் என்பதால், செய்நிரலாக்கத்தைக்கூடத் தாளில் எழுதி மனனம் செய்து சித்தியடைவது இங்கே இயலாத காரியமன்று. அப்படிச் சித்தியடைந்தவர் தமது அலுவலகத்தில் ஆயிரம் பெயர்கள் கொண்ட இரு பட்டியல்களை ஒப்பிட வேண்டியபோது, அடிமட்டத்தைத் திரையில் வைத்து வரிவரியாகப் பார்ப்பதும் நடக்கின்றது.

செயலமர்வு என்ற பெயரில் நிகழ்வன இதற்கு மாற்றாக அமைந்திருக்க வேண்டும். நடைமுறை வேறு. மங்கல விளக்கேற்றல், தலைமையுரை, வாழ்த்துரை, வளவாளர் அறிமுகம், சுவரில் விழும் படவில்லைகள், இடையில் தேநீரும் ரோல்ஸும், முடிவில் சான்றிதழும் குழுப் புகைப்படமும் என்று ஒரு முழுநாள் கழிகையில், பங்குபற்றுநரின் விரல்கள் விசைப்பலகையைத் தொட்ட நேரம் அரை மணியைத் தாண்டினால் அது நல்ல செயலமர்வு. செயலும் அமர்வும் சேர்ந்த நிகழ்ச்சியில் அமர்வு மட்டுமே மிஞ்சிவிடுகின்றது.

உடன் தட்டெழுதிக் கற்றல்

வளர்ந்தோருக்குச் செய்நிரலாக்கத்தைக் குறுகிய காலத்தில் கற்பிப்பது பற்றி உலகில் மிக நீண்ட அனுபவம் கொண்ட முயற்சிகளுள் ஒன்று ‘சொப்ற்வெயார் காப்பென்றி’. மென்பொருள் தச்சுவேலை என்று பொருள்படும் இப்பெயரில், கிரெக் வில்சனும் பிரென்ற் கோர்டாவும் 1998ஆம் ஆண்டு அமெரிக்காவின் லொஸ் அலமொஸ் தேசிய ஆய்வுகூடத்தில் விஞ்ஞானிகளுக்காக ஒரு பயிற்சியைத் தொடங்கினர். பௌதிகத்திலும் உயிரியலிலும் கரைகண்டவர்கள் தமது தரவுகளைக் கையாளத் தெரியாமல் மாதக்கணக்கில் காலத்தைத் தொலைக்கின்றனர் என்ற கவனிப்பே அதன் தோற்றுவாய். ஒரு வாரப் பாடநெறியாகத் தொடங்கிய அது, பிற்காலத்தில் இரண்டு நாட் செயலமர்வாகச் சுருங்கிப் பல நாடுகளுக்கும் பரவியது. 2014இல் தரவுகளுக்கென உருவான கிளையோடு இணைந்து, 2018 முதல் ‘காப்பென்றீஸ்’ என்ற ஒரே அமைப்பாக இயங்குகின்றது.

அதன் முறைமையில் மூன்று கூறுகள் யாழ்ப்பாணத்துக்குப் பெரிதும் பொருந்துவன. முதலாவது, ஆசிரியர் படவில்லைகளைக் காட்டுவதில்லை. வெற்றுத் திரையில் கட்டளைகளை வரிவரியாகத் தாமே தட்டெழுத, கற்போரும் தமது மடிக்கணினியில் உடன் தட்டெழுதுகின்றனர். ஆசிரியரும் மனிதர் என்பதால் எழுத்துப் பிழை விடுவார். அடைப்புக்குறியை மூட மறப்பார். திரையில் பிழையறிவித்தல் தோன்றும். அவர் அதை எப்படி வாசிக்கின்றார், எங்கே தேடுகின்றார், எப்படித் திருத்துகின்றார் என்பதை அருகிருந்து பார்ப்பதுதான் கற்போருக்கு உண்மையான பாடம். பைதன் என்னும் செய்நிரல் மொழியில் வரும் நீண்ட பிழையறிவித்தலைக் கீழிருந்து மேலாக வாசிக்க வேண்டும், அதன் கடைசி வரியிலேயே பிழையின் வகை சொல்லப்படுகின்றது என்ற எளிய உண்மை எந்தப் பாடக்குறிப்பிலும் மனத்தில் பதிவதில்லை; இருமுறை கண்ணால் கண்டால் மறப்பதுமில்லை.

இரண்டாவது, ஒவ்வொருவருக்கும் இரு நிறங்களில் ஒட்டுத்தாள்கள் வழங்கப்படுகின்றன. வேலை முடிந்தால் ஒரு நிறத்தையும், சிக்கிக்கொண்டால் மற்றதையும் மடிக்கணினியின் முதுகில் ஒட்டிவைத்தால் போதும். உதவியாளர் அருகே வருவார். இந்தச் சிறு ஏற்பாட்டின் பெறுமதி யாழ்ப்பாணத்தின் வகுப்பறையில் இரட்டிப்பாகும். இங்கே உதவியாளராக வரும் பல்கலைக்கழக மாணவர், முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஆசிரியையிடம் ஆறாம் வகுப்பில் கணிதம் படித்தவராகவே இருக்கக்கூடும். அவர் “ரீச்சர்” என்று அழைக்க, அவரைத் “தம்பி” என்று அழைத்துப் பழகிய ஒருவர் சபை நடுவே கையை உயர்த்தி “எனக்கு விளங்கவில்லை” என்று சொல்வது எளிதன்று. வயதும் பதவியும் மரியாதையும் பின்னிக்கிடக்கும் சமூகத்தில் வளர்ந்தோர் கல்வியின் பெருந்தடை அறிவுக் குறைவைக் காட்டிலும் கூச்சமே ஆகும். ஒட்டுத்தாள் அந்தக் கூச்சத்தை வாய்திறக்காமலே கடக்க உதவுகின்றது.

மூன்றாவது, பயிற்சிக்கான தரவு கற்போரின் தொழிலிலிருந்து எடுக்கப்படுகின்றது. விஞ்ஞானிகளுக்கு ஆய்வுகூட அளவீடுகள் எப்படியோ, யாழ்ப்பாணத்தின் அலுவலருக்குப் பயனாளிப் பட்டியலும் மாணவர் பதிவேடும் கூட்டுறவுச் சங்கத்தின் அங்கத்தவர் ஏடும் அப்படியே. பாடநூல்களில் வழமையாக வரும் முக்கோணத்தின் பரப்பளவையும் முதன்மை எண்களையும் கண்டுபிடித்துக்கொண்டிருக்க, மாலை நாலே காலுக்குக் கையொப்பமிட்டு வெளியே வந்தவருக்கு நேரமில்லை.

அடையாள அட்டை எண் என்னும் பாடம்

தொழிலிலிருந்து எடுக்கும் இத்தகைய பயிற்சிக்குத் தேசிய அடையாள அட்டை எண்ணைக் காட்டிலும் சிறந்த முதற்பாடம் இலங்கையில் இல்லை. பழைய வடிவில் ஒன்பது இலக்கங்களும் இறுதியில் ஓர் ஆங்கில எழுத்தும் உள்ளன. முதல் இரு இலக்கங்கள் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அந்நாளுடன் 500 கூட்டப்படும். எஞ்சிய நான்கும் தொடரெண்ணும் சோதனை இலக்கமுமாகும். 2016 முதல் வழங்கப்படும் புதிய வடிவில் பன்னிரண்டு இலக்கங்கள். ஆண்டு நான்கு இலக்கங்களில் வரும், ஆங்கில எழுத்து இராது. பழையதைப் புதியதாக்க, முன்னால் 19 சேர்த்து, ஆண்டுக்கும் நாளுக்குமான இலக்கங்களை அடுத்து ஒரு பூச்சியத்தை இட்டு, மிகுதி நான்கையும் எழுத வேண்டும்.

ஒரு பிரதேச செயலகத்தின் பழைய பட்டியலில் ஒருவர் ஒன்பது இலக்கத்தோடும், புதிய பட்டியலில் அதே நபர் பன்னிரண்டு இலக்கத்தோடும் இருப்பார். பெயரை வைத்து ஒப்பிடலாம் என்றால் முதலெழுத்து முன்னும் பின்னுமாக மாறியிருக்கும். ஆங்கிலத்தில் எழுதிய பெயரின் எழுத்துக்கூட்டலோ ஆளுக்கு ஆள் வேறுபடும். எக்செல் விரிதாளில் பன்னிரண்டு இலக்கத்தை அப்படியே உள்ளிட்டால் அது விஞ்ஞானக் குறியீட்டு வடிவாகச் சுருங்கித் தெரியும். தொலைபேசி எண்ணின் முதற் பூச்சியமோ காணாமற் போகும். இலக்கங்களால் ஆனவையெல்லாம் கணக்கிடுவதற்குரிய எண்களல்ல, சில வெறும் சரங்கள், அதாவது எழுத்துகளின் தொடர்கள் மட்டுமே என்ற அடிப்படைப் பாடம் இங்கே தானாகவே வந்துவிடுகின்றது. சரத்தின் நீளத்தை அறிதல், அதன் ஒரு துண்டை வெட்டியெடுத்தல், அத்துண்டை ஒரு மாறியில் (மதிப்பொன்றைப் பெயரிட்டு வைக்கும் இடத்தில்) சேமித்தல், “நாள் 500ஐ விடப் பெரிதாயின் பெண்” என்று நிபந்தனை எழுதுதல், இவை அனைத்தையும் பட்டியல் முடியும்வரை திரும்பச் செய்யுமாறு மீள்செயற் கட்டளை இடுதல் என்று செய்நிரலாக்கத்தின் அரிச்சுவடி முழுவதும் இந்த ஒரே பயிற்சிக்குள் அடங்கும். இருபது வரிகளுக்கு மேல் தேவைப்படாது.

அதற்குள் ஒரு பொறியும் உண்டு. அடையாள அட்டையின் நாட்கணக்கு எல்லா ஆண்டுகளையும் 366 நாட்கள் கொண்டவையாகவே கொள்கின்றது. ஆகவே மார்ச் 1 என்றைக்கும் 61ஆம் நாள். 1985 மார்ச் முதலாம் திகதி பிறந்த பெண்ணின் எண் 85561 என்று தொடங்கும். ஆனால் 1985 நெட்டாண்டு அல்லாததால், கணினியின் நாட்காட்டிப்படி அதன் 61ஆம் நாள் மார்ச் 2. பைதன் மொழியோடு வரும் திகதிக் கருவியைக் கண்ணை மூடிக்கொண்டு பயன்படுத்தினால், நெட்டாண்டு அல்லாத ஆண்டுகளில் பெப்ரவரிக்குப் பின் பிறந்தோர் அனைவருக்கும் பிறந்தநாள் ஒரு நாள் பிந்திவிடும். பிழையறிவித்தல் எதுவும் தோன்றாது. பட்டியல் அழகாக அச்சாகும். ஓய்வூதியம், உதவித்தொகை, பாடசாலை அனுமதி என எல்லாவற்றிலும் வயதெல்லைத் திகதி ஒன்று நிற்கும் நாட்டில் ஒரு நாள் பிந்துவது சிறு விடயமன்று. இதைக் கண்டுபிடிக்கக்கூடியவர் கணினிப் பட்டதாரி அல்லர்; பத்து ஆண்டுகளாக அடையாள அட்டையையும் பிறப்புச் சான்றிதழையும் அருகருகே வைத்துச் சரிபார்த்த அலுவலர்தான். வளர்ந்தோருக்குக் கற்பிக்கும்போது அவர்களின் தொழில் அனுபவத்தை முதலாகக் கொள்ள வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

செய்நிரலைத் தானே எழுதித்தரும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் கைத்தொலைபேசிக்கே வந்துவிட்டன, இனி ஏன் கற்க வேண்டும் என்று கேட்போருக்கும் இந்த 61ஆம் நாளே விடை சொல்லும். கேட்டவுடன் நிரல் வரும். அது சரியா என்று தீர்மானிக்க வாசிக்கத் தெரிந்த கண் வேண்டும்.

பாமினியில் உறையும் ஆவணங்கள்

யாழ்ப்பாணத்துக்கே உரிய இன்னொரு பயிற்சிப் பொருள் பாமினி எழுத்துரு. அச்சகங்களும் பாடசாலைகளும் அலுவலகங்களும் பல ஆண்டுகளாகப் பாமினியில் தட்டெழுதிய கடிதங்கள், வினாத்தாள்கள், மலர்கள், கூட்ட அறிக்கைகள் எண்ணிறந்தவை. பாமினியில் எழுதிய கோப்பினுள் உண்மையில் இருப்பவை ஆங்கில விசைகளின் குறிகளே. எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் உருவம் பூசுகின்றது. எழுத்துரு இல்லாத கணினியில் அது பொருளற்ற ஆங்கிலக் கோவையாகத் தெரியும், தேடினால் அகப்படாது. ஒருங்குகுறியிலோ ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் உலகெங்கும் ஒரே எண் உண்டு. எனவே தேடலும் வரிசைப்படுத்தலும் இயலும். 2005ஆம் ஆண்டு தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்தைப் பயன்படுத்துவோர் அனைவரும் தேடக்கூடிய தமிழின் அருமையை அறிவர்.

பாமினிக் குறிகளை ஒருங்குகுறிக்கு மாற்றும் நிரல், பார்வைக்கு வெறும் இணைப்பட்டியலே: இக்குறிக்குப் பதில் அவ்வெழுத்து. எழுதிப் பார்த்தால்தான் வரிசையின் வலிமை புரியும். பாமினியில் ‘கோ’ என்பது கண்ணுக்குத் தெரியும் ஒழுங்கிலேயே இரட்டைக்கொம்பு, ககரம், கால் என மூன்று குறிகளாகக் கிடக்கும். நிரல் முதலில் இரட்டைக்கொம்பும் ககரமும் சேர்ந்த ‘கே’யை மாற்றிவிட்டால், பின்னால் ஒரு கால் அநாதையாக நிற்கும். ஆகவே மூன்று குறிச் சேர்க்கைகளை முதலிலும், இரண்டை அடுத்தும், தனிக்குறிகளை இறுதியிலும் மாற்ற வேண்டும். இந்த ஒழுங்கைத் தாமே தவறவிட்டு, ‘கோயில்’ சிதைந்து கிடப்பதைத் திரையில் கண்டு, பட்டியலின் வரிசையை மாற்றி மறுபடி இயக்கும் ஒருவர், படிமுறை என்றால் என்னவென்று வரைவிலக்கணமின்றியே அறிந்துவிடுகின்றார். தொடர்ந்து ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளத்தைப் பைதனிடம் கேட்டால், மூன்று என்று சொல்லாமல் ஐந்து என்று சொல்லும். இகர விசிறியையும் புள்ளியையும் அது தனித்தனிக் குறிகளாக எண்ணுகின்றது. தமிழாசிரியர்கள் நிறைந்த செயலமர்வில் அந்த ஐந்து அரை மணி நேர விவாதத்துக்குப் போதுமானது.

கற்பிக்கும் மொழி பற்றிய கவலை முன்போல் பெரிதன்று. எழில் என்ற தமிழ் நிரல்மொழியை முத்து அண்ணாமலை உருவாக்கி, 2009இலேயே அதைப் பற்றிய ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டார். ‘பதிப்பி’, ‘ஆனால்’, ‘முடி’ எனக் கட்டளைச் சொற்களே தமிழில் அமைந்த மொழி அது. தொழிலில் பயன்படும் கருவி பைதன் என்பதால் எழிலோடு நின்றுவிட முடியாது. எனினும் பைதனின் மூன்றாம் பதிப்பில் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயரிடலாம் என்பதை முதல் மணித்தியாலத்தில் காட்டினால் பாதி அச்சம் நீங்கும். தமிழகத்தின் கணியம் இதழ் 2012 முதல் எளிய தமிழில் கணினி நூல்களைக் கட்டற்ற உரிமத்தில் வெளியிட்டு வருகின்றது. இலங்கை உயர்தரப் பாடத்திட்டம் பைதனைக் கற்பிப்பதால், செய்நிரல், மாறி, வழு முதலிய கலைச்சொற்கள் பாடநூல் வழியாக இங்கே ஏற்கெனவே புழக்கத்தில் உள்ளன. மகளின் உயர்தரப் புத்தகமே தாயின் கைநூலாகலாம்.

தடைகள் வேறிடத்தில் உள்ளன. நேரம் அவற்றுள் முதன்மையானது. மாலை ஆறு மணிக்கு நகரில் தொடங்கும் வகுப்பு, பருத்தித்துறைக்கோ காரைநகருக்கோ பேருந்தில் திரும்ப வேண்டிய பெண் அலுவலருக்கு இல்லாத வகுப்பே. நெடுந்தீவில் பணியாற்றி குறிகட்டுவான் படகுக்குக் காத்திருக்கும் ஆசிரியருக்கு வார நாள் எதுவுமே பொருந்தாது. சனிக்கிழமை முற்பகல்கள் நான்கு, நெல்லியடியிலும் சாவகச்சேரியிலும் ஊர்காவற்றுறையிலும் உள்ள பாடசாலைக் கணினிக் கூடங்களில் நடத்தப்பட்டால், நகரில் நிகழும் இரண்டு நாள் விழாவைவிடப் பயன் கூடும். 2022இல் ரூபாய் வீழ்ந்தபின் மடிக்கணினி சம்பளக்காரருக்கு எட்டாப் பொருளாகிவிட்டதால், கூடத்தின் கணினிகளை நம்பித் திட்டமிடுவதே விவேகம். மின்தடை அந்த ஆண்டைப் போல் பதின்மூன்று மணி நேரம் நீடிப்பதில்லை என்றாலும், பாணந்துறைத் துணைமின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்து 2025 பெப்ரவரியில் நாடு முழுவதையும் இருளாக்கிய தேசத்தில் காகிதப் பயிற்சியும் கைவசம் இருக்க வேண்டும். நியூசிலாந்தின் டேல் பார்சன்ஸும் பட்ரிசியா ஹேடனும் 2006இல் அறிமுகப்படுத்திய பயிற்சி முறை அதற்குத் தோதானது: சரியான நிரலின் வரிகளைத் துண்டு துண்டாக வெட்டிக் கலைத்துக் கொடுத்தால், கற்போர் அவற்றை முறையான ஒழுங்கில் அடுக்குவர். கத்தரிக்கோலும் தாளும் போதும்.

இரண்டாவது தடை, அலுவலகக் கோப்பை வெளியே எடுத்துவர முடியாமை. அது நியாயமான தடை. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் பின் அதை மீறவும் கூடாது. ஆகவே ஏற்பாட்டாளர் உண்மைப் பட்டியலின் அமைப்பை மட்டும் கேட்டுப் பெற்று, கற்பனைப் பெயர்களும் எண்களும் இட்ட மாதிரிக் கோப்பை முன்கூட்டியே தயாரிக்க வேண்டும். அதில் வெற்று இடங்களையும் இரட்டிப்பான பதிவுகளையும் உண்மையில் இருப்பது போலவே விட்டுவைக்க வேண்டும். துப்புரவான தரவில் பழகியவர் அலுவலகத் தரவின் முதல் வரியிலேயே இடறுவார்.

வேலைக்கு வெளியே எஞ்சும் நேரத்தில் தமிழர் கணினியில் என்ன சாதிக்க முடியும் என்பதற்கு யாழ்ப்பாணத்தவரிடையே முன்னுதாரணம் உண்டு. தமிழ் விக்கிப்பீடியாவுக்கு 2003இல் அடித்தளம் இட்ட இ. மயூரநாதன் கணினி விஞ்ஞானி அல்லர், கட்டடக் கலைஞர். அவர் அதை எந்தச் சான்றிதழுக்காகவும் செய்யவில்லை.

வடக்கில் ஆண்டுதோறும் பயிற்சிக்கென நிதி ஒதுக்கும் திணைக்களங்களும், செயலமர்வு நடத்தும் பல்கலைக்கழகத் துறைகளும், புலம்பெயர் உதவியுடன் இயங்கும் அமைப்புகளும் அறிக்கையில் பங்குபற்றியோர் தொகையை எழுதுவதோடு நிற்கக்கூடாது. பயிற்சி முடிந்து மூன்று மாதத்தின் பின் எத்தனை பேர் தாம் எழுதிய நிரலை அலுவலகத்தில் இன்னும் இயக்குகின்றனர் என்பதையும் கேட்டு எழுத வேண்டும். அலுவலகத் தலைவர்கள் ஊழியருக்கு வாரத்தில் இரண்டு மணி நேரத்தையும், மாதிரிக் கோப்பைத் தயாரிக்க எழுத்துமூல அனுமதியையும் வழங்க வேண்டும். அடுத்த செயலமர்வின் அழைப்பிதழில் தலைமையுரைக்கு ஒதுக்கிய நேரத்தைக் குறைத்து, “உங்களை மிக அதிகமாகக் களைக்கச் செய்யும் பட்டியலின் தலைப்பு வரிசையை எழுதிக்கொண்டு வாருங்கள்” என்ற ஒரு வரியைச் சேர்க்குமாறு ஏற்பாட்டாளர்களைக் கேட்டுக்கொள்ளலாம்.